ஜெனிவாவில் ஒரு வாரம்: ஒன்பது நிறுவனங்கள் வேண்டாம், ஐந்து போதும்

கேள்வி சுருக்கமாக இது: சர்வதேச உறவுகள் முதுகலை படிக்கும் 18 மாணவர்கள், உடன் இரண்டு ஆசிரியர்கள், சென்னையிலிருந்து ஒரு வாரக் கல்விப் பயணமாக ஜெனிவா போகிறார்கள். ஐந்து வேலைநாளில் ஒன்பது நிறுவனங்களைப் பார்க்கத் திட்டம். யாருக்கு எப்போது எழுதுவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, நண்பர்களோடு ஊர் சுற்ற நேரம் கிடைக்குமா?

ஒன்பதில் நான்கை இப்போதே அடித்துவிடுங்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். ஐ.நா மாளிகை, செஞ்சிலுவைக் குழு, அகதிகள் ஆணையம், அறிவுசார் சொத்துரிமை அமைப்பு, தொலைத்தொடர்பு ஒன்றியம் எல்லாமே பிளாஸ் தே நசியோன் சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால் 20 பேர் பாதுகாப்புச் சோதனையைக் கடக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி, விளக்க உரையும் கேள்விகளும் ஒன்றரை மணி, ஆள் சேர்த்து வெளியே வர இன்னொரு அரை மணி. ஒரு நிறுவனம் என்றால் ஒரு அரைநாள் போயிற்று. ஒரே நாளில் மூன்று வைத்தால் மூன்றாவதில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். பேச வந்தவருக்கு அது தெரியும். அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரிக் கடிதத்தைப் பார்க்கும்போதும் அவருக்கு நினைவிருக்கும்.

நான் வைக்கும் ஐந்து: ஐ.நா மாளிகை, செஞ்சிலுவை, உலக சுகாதார அமைப்பு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அல்லது அகதிகள் ஆணையம் இவற்றில் ஒன்று, கடைசியாக செர்ன். சர்வதேச உறவுகள் மாணவருக்கு அணுத்துகள் ஆய்வகம் எதற்கு என்று கேட்பார்கள். போரில் எதிரெதிராக நின்ற நாடுகள் 1954-இல் ஒன்றாகப் பணம் போட்டு ஓர் ஆய்வகத்தைத் தொடங்கின, இன்றுவரை அது உடையவில்லை. உங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் அந்த ஊரில் இல்லை.

முதலில் நாள்காட்டி. மனித உரிமைகள் பேரவை ஆண்டுக்கு மூன்று முறை கூடும்: பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, ஜூன்–ஜூலை, செப்டம்பர்–அக்டோபர். மே மாதப் பின்பாதியில் உலக சுகாதாரப் பேரவை, ஜூனில் தொழிலாளர் மாநாடு. இந்த நாட்களில் மாணவர் குழுவுக்கு நேரம் ஒதுக்கும் அதிகாரி கிடைப்பது கடினம், அறை வாடகையும் ஏறிவிடும். ஆகஸ்டில் பாதி அலுவலகம் விடுமுறையில் போய்விடும். உங்கள் பருவத் தேர்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் மே முதல் பாதி அல்லது டிசம்பர் முதல் இரண்டு வாரம் பொருந்தும். மே என்றால், கிறிஸ்து விண்ணேற்ற நாள் எந்த வியாழனில் வருகிறது என்று பாருங்கள். அன்று அரசு விடுமுறை, மறுநாள் வெள்ளியையும் பலர் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள்.

மனித உரிமைகள் பேரவைக் கூட்டத்தை நேரில் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுற்றுலா அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு கூட்ட அறைக்குள் உட்கார முடியாது, ஐ.நா பொருளாதார சமூக மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று உங்கள் பெயரைப் பதிவுசெய்திருக்க வேண்டும். கூட்டங்கள் ஐ.நா இணையத் தொலைக்காட்சியில் நேரலையாக வருகின்றன. ஊரிலேயே ஓர் அமர்வை வகுப்பாகப் பார்த்துவிட்டுப் போனால், பேரவை கூடும் இருபதாம் அறையில் ஸ்பானிய ஓவியர் மிக்கேல் பார்செலோ 2008-இல் செய்த வண்ணக் கூரையின் கீழ் நிற்கும்போது எந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பது தெரிந்திருக்கும்.

கடிதம் மூன்று மாதம் முன்னால் போக வேண்டும். செர்னுக்கு இன்னும் முன்னால். கல்லூரித் தலைப்பில், ஒரே பக்கம். என்ன படிக்கிறார்கள், எத்தனை பேர், எந்த மொழி, மாற்றாக இரண்டு தேதி, குறிப்பாக எந்தப் பொருள். இந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலான கடிதங்கள் தோற்கின்றன. ‘உங்கள் அமைப்பின் செயல்பாடுகளை அறிய விரும்புகிறோம்’ என்று எழுதினால், இணையதளத்தில் உள்ளதையே ஒருவர் படக்காட்சியாக ஓட்டிக்காட்டுவார். ‘காசநோய்த் திட்டத்துக்கு உறுப்பு நாட்டின் பங்களிப்புக்கும் தன்னார்வ நன்கொடைக்கும் உள்ள வேறுபாடு முடிவெடுப்பதை எப்படிப் பாதிக்கிறது’ என்று எழுதினால், அந்தத் துறையில் வேலை செய்பவரைத் தேடி அனுப்புவார்கள். ஐ.நா மாளிகைக்குச் சுற்றிக்காட்டும் பதிவு வேறு, தனி விளக்க உரைக்கான விண்ணப்பம் வேறு, இரண்டையும் செய்யுங்கள்.

நிறுவனங்களுக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலில்தான் தமிழ்நாட்டுக் குழுக்கள் அதிகம் இடறுகின்றன. கல்லூரிப் பதிவேட்டில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருக்கும். கடவுச்சீட்டில் அந்த ‘எஸ்’ அப்பா பெயராக விரிந்து ‘கார்த்திக் செல்வராஜ்’ என்றோ, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவோ இருக்கும். வாசலில் இருப்பவர் கையில் உள்ள பட்டியலையும் கடவுச்சீட்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். கல்லூரி அலுவலகப் பட்டியலை அப்படியே அனுப்பாமல், ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டின் பக்கத்தைப் பார்த்து அதில் உள்ளபடி தட்டச்சு செய்யுங்கள். பட்டியல், விசா, விமானச் சீட்டு, காப்பீடு நான்கிலும் ஒரே எழுத்து. ஐ.நா வாசலில் அசல் கடவுச்சீட்டு வேண்டும். நகலோ கைபேசிப் படமோ செல்லாது. பெரிய பைக்கும் பெட்டிக்கும் உள்ளே அனுமதி கிடையாது, வாங்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆகவே விமான நிலையத்திலிருந்து நேரே அங்கே போகும்படி எந்த நாளையும் அமைக்காதீர்கள்.

விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால வகை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்து தாமதிக்கக் கூடாது. 20 பேருக்கு இரண்டு மாதம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. ஆனால் கல்விக்காகப் போகும் மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விசா விதித்தொகுப்பிலேயே கட்டண விலக்கு உண்டு. பலர் இது தெரியாமல் கட்டிவிடுகிறார்கள். கல்லூரிக் கடிதத்தில் ‘சுற்றுலா’ என்ற சொல் வரக் கூடாது. கல்விப் பயணம் என்பதும், எந்தப் பாடத்தின் பகுதி என்பதும், நிறுவனங்கள் அனுப்பிய ஒப்புதல் மின்னஞ்சல்களும் இருக்க வேண்டும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனியே கட்ட வேண்டியிருக்கும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கையிருப்புக் கணக்கில் சாதாரணப் பயணிக்கு நாளொன்றுக்கு 100 பிராங்க் கேட்கும் சுவிஸ், மாணவர் அட்டை உள்ளவருக்கு 30 பிராங்க் போதும் என்கிறது. எனவே அந்த அட்டை, பயணம் முடியும் நாள்வரை செல்லத்தக்கதாக இருக்கட்டும்.

தங்குமிடத்தை அந்த ஊர் விடுதியிலோ யூத் ஹாஸ்டலிலோ எடுங்கள். அங்கே தங்குகிறவருக்குப் போக்குவரத்து அட்டை இலவசம்: டிராம், பேருந்து, ஏரியில் ஓடும் மஞ்சள் படகு, விமான நிலைய ரயில் எல்லாம் அடக்கம். வருவதற்குச் சில நாள் முன்பே மின்னஞ்சலில் வந்துவிடும். ஒவ்வொருவரும் தன் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஊரின் முக்கிய ரயில் நிலையமான கொர்னவனுக்கு ரயிலில் ஏழெட்டு நிமிடம். தனியார் வீட்டை வாடகைக்கு எடுத்தால் இந்த அட்டை கிடையாது. எல்லை தாண்டி பிரான்ஸின் அன்மாஸில் அறை மலிவு, 2019 டிசம்பரிலிருந்து லெமான் எக்ஸ்பிரஸ் ரயிலும் நேரே ஓடுகிறது. ஆனால் அட்டை கிடைக்காது, தினமும் பயணச்சீட்டு, இரவு ஒன்பதுக்கு மேல் 20 பேரை எண்ணி ரயிலேற்றும் வேலையும் சேரும். இந்தக் குழுவுக்கு அது சரிப்படாது.

இனி எந்த நாளில் எது. செஞ்சிலுவை அருங்காட்சியகமும் செர்னின் கண்காட்சி மையமான சயின்ஸ் கேட்வேயும் திங்களன்று மூடியிருக்கும். ஆகவே திங்கள் ஐ.நா, செவ்வாய் செஞ்சிலுவை. புதன் காலை ஒரு நிறுவனம், மாலை விடுமுறை. வியாழன் உலக சுகாதார அமைப்பு. 8ஆம் எண் பேருந்து வாசல்வரை போகும். வெள்ளி செர்ன்; கொர்னவனிலிருந்து 18ஆம் எண் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டியதுதான்.

ஐ.நா வாசலுக்கு எதிரே நிற்கும் உடைந்த நாற்காலியை எல்லாரும் படமெடுப்பார்கள். 12 மீட்டர் உயரம், ஐந்தரை டன் மரம், ஒரு கால் நடுவில் சிதறியிருக்கும். கண்ணிவெடிகளுக்கு எதிராக 1997 ஆகஸ்டில் வைத்தார்கள். அந்த டிசம்பரில்தான் அவற்றைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை கையெழுத்தானது. அந்தத் திடலில் நின்றுதான் ஐரோப்பாவெங்கும் இருந்து வரும் ஈழத்தமிழர்கள் பேரவைக் கூட்டத்தொடர்களின்போது குரல் கொடுக்கிறார்கள். நாற்காலியின் கீழே நின்று எடுக்கும் குழுப்படத்துக்கு முன்னால், மாணவர்களில் ஒருவர் பத்து நிமிடம் அதைப் பற்றிச் சொல்லட்டும்.

இலங்கைப் போரின் உரிமை மீறல்கள் பற்றிய மனித உரிமைகள் பேரவைத் தீர்மானங்களை உங்கள் குழு கட்டாயம் படித்துவிட்டுப் போக வேண்டும். 2015-இன் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை அரசே இணை அனுசரணை தந்தது, 2020-இல் விலகிக்கொண்டது, 2021-இன் 46/1, ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. இந்த மூன்று வரி தெரிந்தால், ‘ஐ.நா ஏன் எதுவும் செய்யவில்லை’ என்ற கேள்விக்குப் பதிலாக, ‘நாட்டின் ஒப்புதல் இல்லாமல் திரட்டிய ஆதாரம் எந்த நீதிமன்றத்தில் பயன்படும்’ என்று கேட்க முடியும். முதல் கேள்விக்கு ஒரு புன்னகை கிடைக்கும், இரண்டாவதற்குப் பதில் கிடைக்கும்.

செஞ்சிலுவையில் வேறுமாதிரி. போரில் எந்தத் தரப்பு தவறு என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. வெளியே சொல்லாமல் இருப்பதால்தான் சிறைக்கதவு அவர்களுக்குத் திறக்கிறது. அந்த மௌனத்தின் விலை என்ன, எப்போது அதை உடைப்பார்கள் என்று கேளுங்கள், பேச்சு சூடுபிடிக்கும். அருங்காட்சியகத்தில் அவசரப்பட வேண்டாம்; இரண்டு மணி நேரம் கொடுங்கள். முதல் உலகப்போரின் கைதிகளைத் தேடிக் கண்டுபிடிக்க எழுதிய அட்டைகள் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கின்றன, மொத்தம் அறுபது லட்சம். ஒவ்வொரு அட்டையும் உள்ளங்கை அளவுதான். ஒரு பெயர், படைப்பிரிவு, எந்த முகாம், யார் விசாரித்தார்கள். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருந்ததால் தன்னார்வலர்கள் ஒவ்வொரு கடிதத்தையும் அட்டையாக்கி, விசாரிப்பவரின் அட்டையையும் கைதியின் அட்டையையும் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு குடும்பத்துக்குச் செய்தி போனது. கணினி இல்லாத காலத்தின் தரவுத்தளம் அது. அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் பத்து நிமிடம் பேசாமல் நிற்க விடுங்கள்.

செர்னில் கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை. இங்கே நம்மவர்களுக்கு ஓர் ஆசை இருக்கும்: இந்திய அரசு பரிசளித்து 2004 ஜூனில் திறந்துவைத்த இரண்டு மீட்டர் நடராசர் சிலை. சோழர் செப்புத்திருமேனி மரபில் வார்த்தது. ஆனால் சிலை நிற்பது ஆய்வக வளாகத்துக்குள்ளே, பொதுமக்கள் நுழையும் பக்கத்தில் இல்லை. ‘போனதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் பார்க்காமலே திரும்புவீர்கள். குழு விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வழிகாட்டிக்கு முடிந்தால் கூட்டிப்போவார். 27 கிலோமீட்டர் வளையம் தரைக்குக் கீழே சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இயந்திரம் ஓடும் காலத்தில் கீழே யாரையும் விடமாட்டார்கள் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

சாப்பாடு. ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். உணவகத்தில் அன்றைய மதியச் சாப்பாடு ஒன்று 20 முதல் 25 பிராங்க். இரண்டு வேளை வெளியே தின்றால் ஒரு வாரத்தில் விமானச்சீட்டில் பாதி போய்விடும். ஆகவே சமையலறை உள்ள விடுதியைத் தேடுங்கள். காலை உணவு வாடகையில் சேர்ந்தால் இன்னும் நல்லது. மதியம் மீக்ரோ, கோப் கடைகளின் தயார் உணவு அல்லது அவற்றின் சுயசேவை உணவகம், இரவு சமையல். இப்படிப் போனால் நாளொன்றுக்கு 30 பிராங்கில் அடங்கும்.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம் என்பதில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதுவும் சுவிஸுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, காய், மாம்பழமும் தாவர நலச் சான்றில்லாமல் போகாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், காய்ந்த மிளகாய்க்குத் தடையில்லை. எண்ணெய் ஒழுகும் பாட்டிலை இரண்டு உறையில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். அரிசியைச் சுமக்காதீர்கள், அங்கே பாசுமதி எல்லாக் கடையிலும் உண்டு. இனிப்பில்லாத தயிர் வேண்டுமென்றால் டப்பாவில் ‘நத்யூர்’ என்று பார்த்து வாங்குங்கள்.

விடுதி அடுப்பு பெரும்பாலும் மின்தூண்டல் வகை. அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. எண்ணெயைப் புகையவிட்டுத் தாளித்தால் புகை உணர்வி அலறும். தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். தாளிப்பை ஊரிலேயே முடித்துப் புளிக்காய்ச்சலாகக் கொண்டுபோவது அதனால்தான் சௌகரியம். நாக்கு செத்துவிட்டது என்று நான்காம் நாள் யாராவது சொல்லுவார்கள். பாக்கி பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. கொத்து ரொட்டி, ரோல்ஸ், இடியப்பம் கிடைக்கும். புதன் மாலை விடுமுறையை அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் தமிழில் பேசினால் ஊர் நிலவரம் முழுவதும் சொல்வார். ‘எப்படி இங்கே வந்தீர்கள்’ என்று மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவரே சொன்னால் கேளுங்கள்.

உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டித் துண்டைத் தோய்த்துத் தின்னும் ஃபோண்ட்யூவை ஒரு இரவு சாப்பிடத்தான் வேண்டும். குளிர்காலத்தில் ஏரிக்கரைக் குளியல் துறையான பென் தே பாக்கியில் நியாயமான விலைக்குக் கிடைக்கும். விடுதியில் நீங்களே செய்தால் ஆளுக்கு 200 கிராம் பாலாடைக்கட்டி, பாதி க்ரூயேர், பாதி வாஷ்ரன். பாத்திரத்தில் பூண்டைத் தேய்த்து, ஒரு கரண்டி மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளோர்), வெள்ளை ஒயின். கொதிக்க விட்டால் கட்டி தனியாக, எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். மெல்லிய சூட்டில் எட்டு வடிவத்தில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நேற்றைய ரொட்டியை ஒவ்வொரு துண்டிலும் மேலோடு இருக்கும்படி வெட்டுங்கள். மென்மையான ரொட்டி குச்சியிலிருந்து நழுவி உள்ளே விழும். கடைசியில் அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலை நம் வீட்டுப் பால் காந்தல்போலச் சுரண்டிப் பங்கிடுவார்கள். அதற்கு அங்கே ‘ரெலிஜியூஸ்’ என்று பெயர். மது தொடாதவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: ஒயின் மட்டுமல்ல, செர்ரிச் சாராயமும் ஊற்றுவது வழக்கம். சுத்த சைவர்களுக்கு இன்னொன்று: க்ரூயேர் கட்டி கன்றின் இரைப்பை உறைபொருளால் உறைவது. தெரிந்த பிறகு சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம்; தெரியாமல் சாப்பிட வைக்கக் கூடாது. அவர்களுக்கு உருளைக்கிழங்கு ரோஷ்டி சொல்லலாம், பன்றிக்கொழுப்பில் பொரிப்பதில்லையே என்று கேட்டுவிட்டு.

டிசம்பரில் போனால் 11, 12 தேதிகளையொட்டி எஸ்கலாத் விழா. 1602-இல் மதிலேறி வந்த அண்டை நாடான சவோயின் படையை விரட்டிய நாள். சாக்லேட்டில் செய்த அண்டாவை, கூட்டத்தில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து கையால் உடைப்பார்கள். கடையில் சின்ன அண்டா ஒன்று வாங்கி உங்கள் ஆசிரியரையும் கடைசி மாணவரையும் உடைக்கச் சொல்லுங்கள்.

நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் பணத்தால்தான். அங்கே எல்லாரும் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ட்விண்ட் செயலி, வந்து போகும் உங்களுக்குப் பயன்படாது. நாலைந்து பேர் கொண்ட சமையல் குழுவாகப் பிரித்து, முதல் நாளே ஆளுக்கு 60 பிராங்க் பொதுப்பையில் போடுங்கள். ஒருவர் கணக்கு எழுதட்டும். உணவகத்தில் தனித்தனி ரசீது வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு 20 பேருக்குப் பிரிக்கச் சொன்னால் பரிமாறுபவர் முகம் மாறும். சேவைக் கட்டணம் விலையிலேயே இருக்கிறது, தனியே வைக்க வேண்டியதில்லை. அட்டையைத் தேய்க்கும்போது ‘ரூபாயிலா, பிராங்கிலா’ என்று இயந்திரம் கேட்டால் பிராங்க் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், தெருவோர ஊற்றுகளிலேயே குடிநீர் வருகிறது.

இரண்டு சின்னப் பொருள் பெரிய தொல்லை தரும். ஒன்று மின்செருகி. சுவிஸ் துளை அறுகோணக் குழி. மெல்லிய இரட்டை முள் செருகி நுழையும், ஐரோப்பாவின் தடித்த வட்டச் செருகி நுழையாது. ‘ஐரோப்பிய அடாப்டர்’ என்று ஊரில் விற்பதை வாங்கும்முன் தலையின் வடிவத்தைப் பாருங்கள். இரண்டாவது சிம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒன்றியத்துக்கான சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம், அல்லது தனிக் கட்டணம் விழலாம். எல்லை மிக அருகில் என்பதால் செர்ன் பக்கம் கைபேசி தானாகவே பிரெஞ்சுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். திட்டத்தில் இரண்டு நாடும் உண்டா என்று எழுத்தில் பார்த்து வாங்குங்கள்.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கொர்னவன் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ளவை திறந்திருக்கும். எனவே ஊரில் இறங்குவது சனி மதியத்துக்குள் இருக்கும்படி சீட்டு எடுங்கள். அறையில் பெட்டியை வைத்ததும் இரண்டு பேர் மீக்ரோவுக்குப் போய் ஞாயிறுக்கும் திங்கள் காலைக்கும் சேர்த்து அரிசி, தயிர், ரொட்டி, பால், வெங்காயம் வாங்கிவிடட்டும். மற்றவர்கள் ஏரிக்கரைக்குப் போகலாம். 140 மீட்டர் உயரம் எழும் நீரூற்றைப் பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள், ஓடும்போதே பார்த்துவிடுவது நல்லது.